குரோம்பேட்டை வழியே ஹம்ப்ரி டேவி

ஹம்ப்ரி டேவியிடம் விசித்திரமான ஒரு ஜோடி காலணி இருந்தது. ஒன்றின் தோல் இங்கிலாந்தில் வழிவழியாகச் செய்துவந்தபடி ஓக் மரப்பட்டையில் பதனிட்டது. மற்றதன் தோல் காசுக்கட்டியில் பதனிட்டது. நாம் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் அதே காசுக்கட்டிதான். இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்ததாகத் தெரியவில்லை என்று நண்பர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார்.

பள்ளிப் பாடத்தில் டேவி என்றால் சுரங்க விளக்கு. இன்னும் கொஞ்சம் படித்தவர்களுக்கு சோடியம், பொட்டாசியம், சிரிப்பூட்டும் வாயு. அவர் தோல் ஷெட்டுகளில் நாள்கணக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை யார் நினைவிலும் இல்லை. ஆனால் பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிப் போகிற ஒருவன், அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் வேறு ஓர் ஊரைப் பார்க்கலாம். நான் அப்படித்தான் போனேன்.

பரங்கிமலைப் படிகளின் உச்சியில் நின்றால் தெற்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் மொட்டைத் தலைகளாகத் தெரிகின்றன. விமான நிலையத்தின் ஓடுதளம் அவற்றின் காலடியில் நீண்டு கிடக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளப்பதற்கான முதல் அடிக்கோட்டை இங்கேதான் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் 12 கி.மீ., எஃகுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு. அதே காலத்தில் லண்டனில் டேவி தோலை அளந்துகொண்டிருந்தார். 1801 கோடையில், 22 வயதில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த அவரை, பதனிடும் தொழில் பற்றி விரிவுரை செய்யுமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு வர மூன்று மாத விடுப்பும் கொடுத்தார்கள். விரிவுரை செய்யப் போகிறவர் முதலில் தொழிலாளியிடம் போய்ப் படிக்கவேண்டும் என்று ஒரு நிர்வாகக் குழு நினைத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். டேவி பிரெண்ட்ஃபோர்டில் தோல் ஷெட் வைத்திருந்த சாமுவேல் பர்கிஸைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கடைசிவரை நண்பர்கள்.

பல்லாவரத்துக்கு இறங்கியதும் கல் பேசத் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அது. அந்த மனிதன் கல்லைச் செதுக்கியதில் ஒரு காரணம் மிருகத்தின் தோலை உரிப்பதாக இருந்திருக்கும். அப்படிப் பார்த்தால் பல்லாவரத்துத் தோல் தொழிலுக்கு வயது கொஞ்சம் அதிகம்.

இந்தக் குன்றுகளின் கருநீலப் பாறைக்கு சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை இங்கிருந்து போன கல். அதைப் பார்த்து 1893இல் பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர். மலையடியில் கல் உடைக்கும் கிரஷர்கள் பல பத்தாண்டுகள் ஓடி, குன்றுகளில் பாதியைத் தின்றுவிட்டன. சென்னையின் வீடுகளுக்கு ஜல்லியாகப் போனது அந்தப் புகழ்பெற்ற பாறைதான். ஹாலந்தின் பெயரை மறந்துவிடாதீர்கள். இந்த வழியில் அவர் மறுபடி வருவார்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர் பல்லாவரம். துருப்பிடித்த தையல் இயந்திரம் முதல் புறாக் குஞ்சுவரை கிடைக்கும். சந்தைக்கு அருகே ஒரு நாட்டு மருந்துக் கடையில் காசுக்கட்டி, கடுக்காய், ஆவாரம்பூ மூன்றும் கேட்டேன். கடைக்காரர் மூன்றையும் மடித்துக் கொடுத்தபடியே, "காசுக்கட்டி வாய்ப்புண்ணுக்கு, கடுக்காய் வயித்துக்கு, ஆவாரம்பூ சுகருக்கு" என்று அடுக்கினார். தோலுக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. முன்பு தமிழ்நாட்டின் தோல் ஷெட்டுகளை ஓட்டியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வெளிர் மஞ்சளாக, பட்டுப்போல இருக்கும். ஆனால் வெயில்பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்கு. எந்த வேதியியல் புத்தகத்தையும் பார்க்காமல் கண்டுபிடித்த முறை.

டேவிக்குக் காசுக்கட்டியைக் கொடுத்தவர் ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸ். பம்பாயிலிருந்து ஒரு வகை, வங்காளத்திலிருந்து ஒரு வகை. டேவி அதைத் தண்ணீரில் கரைத்து, ஜெலட்டின் கரைசலோடு கலந்து, படியும் திரளை எடைபோட்டார். தோலைப் பதப்படுத்துவது பட்டையிலுள்ள டானின். தோலிலிருக்கும் புரதத்தை அது கெட்டியாகப் பற்றிக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. ஆகவே எந்தப் பட்டை எவ்வளவு ஜெலட்டினைப் பிடிக்கிறது என்று பார்த்தால் அதன் மதிப்பு தெரிந்துவிடும். ஒரு பவுண்டு காசுக்கட்டி ஏழெட்டு பவுண்டு ஓக் பட்டைக்குச் சமம் என்று 1803இல் வந்த கட்டுரையில் எழுதினார். இரண்டாண்டு கழித்து ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம் கிடைத்தபோது இந்த வேலையும் கணக்கில் இருந்தது.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது கணக்கல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிரான்சில் அர்மான் செகேன் என்பவர், அடர்த்தியான டானின் கரைசலில் முக்கினால் மாதக்கணக்கு வேலையைச் சில நாட்களில் முடிக்கலாம் என்று காட்டி, புரட்சிப் படைகளுக்குப் பூட்ஸ் தோல் விற்றுப் பெரும் பணக்காரராகியிருந்தார். டேவி சோதித்துப் பார்த்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தார். அவசரமாக அடர்கரைசலில் போட்ட தோலின் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளே பதம் ஏறாமல், விறைத்து வெடிக்கிறது. மெலிந்த கரைசலில் தொடங்கி மெல்ல மெல்ல அடர்த்தியைக் கூட்டிக்கொண்டு போகிற கிழவர்களின் முறையே சரி. அனுபவத்தால் இந்தத் தொழில் அடைந்திருக்கும் நேர்த்தியைக் கோட்பாட்டால் இன்னும் அதிக தூரம் கொண்டுபோக முடியாது என்கிற பொருளில் எழுதிவிட்டு நகர்ந்தார். 24 வயதுக்காரர், பெரும் புகழை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர், சீர்திருத்தச் சொல்லி அனுப்பப்பட்ட இடத்தில் சீர்திருத்த அதிகமில்லை என்று ஒப்புக்கொள்வது லேசான காரியமல்ல.

பல்லாவரத்திலிருந்து மேற்கே திரும்பினால் நாகல்கேணி. வாசனை முதலில் வரவேற்கிறது. பெரிய இரும்புக் கதவுகள், உயர்ந்த மதில்கள், சில சுவர்களில் மங்கிப்போன கம்பெனிப் பெயர்கள். பல ஷெட்டுகள் மூடிக் கிடக்கின்றன, சிலவற்றைக் கிடங்குகளாக மாற்றியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் உள்ளே விட்டார்கள். ஆளுயரத்துக்கு மேலான மர டிரம்கள் மெதுவாகச் சுழல்கின்றன; உள்ளே ஈரத்தோல் தொப்பென்று விழும் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டேயிருக்கிறது. தரையெல்லாம் ஈரம். டிரம்மிலிருந்து வெளியே வந்து குவிந்த தோல் வானத்து நீலத்தில் இருந்தது. வெட் ப்ளூ என்கிறார்கள். குரோமியம் ஏறிய தோலின் நிறம் அது.

அங்கே வேலையிலிருந்த பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பட்டை காலத்தைப் பாத்திருக்கியா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "தொட்டியில இறங்கி மிதிப்போம். மாத்தி மாத்திப் போடணும். கையைப் பாத்தே தோல் எத்தனை நாள் ஊறிச்சுன்னு மேஸ்திரி சொல்லிடுவார். இப்ப காலைல போட்டா நாளைக்கு எடுத்துடலாம்." எது நல்லது என்று கேட்டேன். "செருப்புக்கு அது, ஷூவுக்கு இது" என்றார், முடிந்துபோன விவகாரத்தைச் சொல்வதுபோல.

பச்சைத்தோல் இங்கே வந்து சேரும்போது உப்பில் இருக்கிறது. பிறகு சுண்ணாம்புத் தொட்டி. ரோமம் கழல அதுதான் வழி. கூடவே சோடியம் சல்ஃபைடு. பிறகு குரோமியம் உப்பு, அதைத் தயாரிக்கச் சோடியம் டைகுரோமேட்டோ பொட்டாசியம் டைகுரோமேட்டோ. இந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டே நின்றபோது டேவி பக்கத்தில் நிற்பதுபோலத்தான் இருந்தது. 1807 அக்டோபரில் பொட்டாஷை உருக்கி மின்சாரம் பாய்ச்சி பொட்டாசியத்தைப் பிரித்ததும் அறை முழுக்கக் குதித்து ஆடினாராம். உடனிருந்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி சொன்ன செய்தி. சில நாட்களில் சோடியம். அடுத்த ஆண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியம். 1810இல் குளோரின் ஒரு கூட்டுப்பொருள் அல்ல, தனிமம்தான் என்று நிலைநாட்டி அதற்குப் பெயரும் வைத்தார். உப்பு, சுண்ணாம்பு, டைகுரோமேட்: நாகல்கேணித் தொட்டிகளில் இருப்பதில் குரோமியத்தைத் தவிர மற்ற பெரும்பாலான உலோகங்களை முதலில் கண்ணால் பார்த்த மனிதர் அவர். குரோமியம் மட்டும் 1797இல் வோக்லன் என்ற பிரெஞ்சுக்காரருக்குப் போய்விட்டது.

குரோமியத்தால் தோலைப் பதனிடும் வழியை டேவி பார்க்கவில்லை. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். டானின் மெல்லப் போய்ச் சேருகிற இடத்துக்குக் குரோமியம் வேகமாகப் போகிறது. புரத இழைகளை இன்னும் உறுதியாகக் கட்டுகிறது. கொதிநீரில் போட்டாலும் நல்ல குரோம் தோல் சுருங்காது. ஆவாரம்பட்டைத் தோல் அந்தச் சூட்டைத் தாங்காது. செகேன் தேடிய வேகம் கடைசியில் இந்த வழியில் கைகூடியது.

சென்னைக்கு இதைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர். அவர் பூட்ஸைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. கிணற்றில் கவலை இறைக்கும் உழவர்களின் தோல் சால் தண்ணீரிலேயே ஊறி ஊறிச் சீக்கிரம் இற்றுப்போனது. குரோம் தோலுக்குத் தண்ணீர் பயமில்லை. 1903 வாக்கில் சென்னைக் கலைப் பள்ளியில் சோதனைகளைத் தொடங்கினார். அதற்குமுன் அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே நட்டதும் அவரே. (அலுமினியத்துக்குப் பெயர் வைத்தவர் டேவி, பிரித்தெடுக்க மட்டும் முடியவில்லை.) அரசே தொழிற்சாலை நடத்துவது இந்தியா மந்திரி மோர்லிக்குப் பிடிக்கவில்லை. 1910இல் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் விதை விழுந்துவிட்டது. ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். கம்பெனியைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் குரோம்பேட்டை.

முதல் உலகப் போர் வந்தபோது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலை அரசு மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. போர்த் தளவாடங்களுக்காக 1917இல் அமைத்த வாரியத்தின் தலைவர் யாரென்று பார்த்தால், அதே தாமஸ் ஹாலந்து. பல்லாவரத்துப் பாறைக்குப் பெயர் வைத்தவர். இந்தியத் தொழில் ஆணையத்துக்கும் அவரே தலைவர், சாட்டர்டன் அதில் உறுப்பினர். ஒரு சாம்ராஜ்யத்தை எத்தனை குறைவான ஆட்கள் நடத்தியிருக்கிறார்கள் என்று இந்த இடங்களில் திரும்பத் திரும்பத் தோன்றும். தொட்டியில் இறங்கி மிதித்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்கள் பெயர் எந்த ஆணைய அறிக்கையிலும் வராது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பல்லாவரத்துக்கு இன்னும் அப்படி ஒரு நாவல் வேண்டும்.

குரோம்பேட்டையில் இப்போது தொழிற்சாலை இல்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும்தான். ரயில் பாதைக்கு அப்பால் எம்.ஐ.டி.; அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி. பேருந்துக்கு நின்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளிடம் குரோம் என்றால் என்ன என்று கேட்டேன். "பிரவுசர், அங்கிள்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கொஞ்சம் யோசித்து, "பைக் சைலன்சர்ல பளபளன்னு இருக்குமே" என்றாள். இரண்டாவது பதில் ஏறக்குறைய சரி.

குமரன்குன்றத்தின் மேலேறிப் பார்த்தேன். முருகன் கோயில் வாசலிலிருந்து மொட்டைமாடிகளின் கருப்புத் தொட்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகின்றன. அவற்றில் நிரப்பும் நிலத்தடி நீரை இந்தப் பக்கத்தில் பல தெருக்களில் குடிக்க முடியாது. குடிக்க கேன் தண்ணீர்தான். தோல் ஷெட்டுகள் பல பத்தாண்டுகள் கழிவுநீரை வெட்டவெளியில் விட்டன, அது மண்ணுக்குள் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தொழிற்சாலைகளும் அதில் அடங்கின. ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு. பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது.

இங்கே ஒரு விநோதம். கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. காரம் சேர்த்தால் வண்டலாகப் படிந்துவிடும். பிரிய மறுப்பது உப்பு. சோடியமும் குளோரைடும் தண்ணீரில் கரைந்தபடியே எந்தத் தொட்டியிலும் படியாமல் போய்க்கொண்டேயிருக்கும். எதிர்ச் சவ்வூடு இயந்திரம் வைத்து ஏராளமாக மின்சாரம் செலவழித்தால்தான் ஆகும். குரோமியத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறோம், ஊரின் பெயரிலேயே இருப்பதால் வசதி. கிணற்றுக்கு அதிகம் கேடு செய்தது பச்சைத்தோல் அழுகாமலிருக்க அள்ளிப் போட்ட சாதாரண உப்பு. பட்டை காலத்திலும் அந்த உப்பு இருந்தது. ஆனால் ஒரு தோல் ஊறவே வாரக்கணக்கில் ஆனதால் தொட்டியில் இறங்கியது கொஞ்சம் தோல்தான். ஒரே நாளில் முடிகிற டிரம் வந்தபிறகு எத்தனை தோல், எத்தனை உப்பு, எத்தனை தண்ணீர்! வேகத்தின் விலை என்று ஒன்றைச் சொல்வதானால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு ரயில் நிலையம், தாம்பரம் சானட்டோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவமனை தொடங்கினார். அதற்குமுன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானட்டோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவருடைய நோயாளி. மெண்டிப்புக்குக் கொஞ்ச தூரத்தில்தான் பிரிஸ்டல். டேவி தன் 19ஆம் வயதில் பென்சான்ஸிலிருந்து கிளம்பி முதல் வேலையில் சேர்ந்த ஊர் அது. டாக்டர் தாமஸ் பெடோஸ் அங்கே காசநோயை வாயுக்களால் குணப்படுத்த ஒரு நிலையம் நடத்தினார். மாட்டின் மூச்சு நல்லது என்று நம்பி நோயாளியின் அறையில் மாட்டைக் கட்டிவைத்தவர். வாயுக்களைத் தயாரிப்பது டேவியின் வேலை. ஒவ்வொன்றையும் முதலில் தானே சுவாசித்துப் பார்த்தார். கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு ஒன்று அவரைக் கிட்டத்தட்ட கொன்றது. நைட்ரஸ் ஆக்சைடு சிரிக்கவைத்தது. வலியைப் போக்குவதால் அறுவைச் சிகிச்சைக்கு உதவலாம் என்று 1800இல் எழுதினார். மருத்துவர்கள் அதைக் கண்டுகொள்ள நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. காசம் மட்டும் எந்த வாயுவுக்கும் மசியவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகிவிட்ட தாம்பரம் வளாகத்தில், வேப்ப மரங்களின் கீழ் நோயாளிகளின் உறவினர்கள் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது மருந்து மாத்திரை. மாதக்கணக்கில் விடாமல் சாப்பிடவேண்டும், அவசரப்பட்டு நடுவில் நிறுத்தினால் நோய் முரண்டு பிடிக்கும்.

தாம்பரத்தில் ரயில் பாதையைக் கடந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குள் நுழைந்தால் வெப்பம் சட்டென்று குறைகிறது. பாரிமுனைப் பக்கமிருந்த கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தக் காலத்தவர். பிரிட்டிஷ்காரர், தொழில் வேதியியல், மனம் முழுக்கச் செடிகள். தென்னிந்திய மலைகளில் அலைந்து காசித்தும்பை இனத்தில் யாரும் விவரிக்காத வகைகளைக் கண்டு எழுதினார். அவர் மனைவி ஆலிஸ் இந்த வளாகத்தில் மரம் நட்டு வளர்த்ததைக் கல்லூரிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நட்ட மரங்களுக்கு இடையே பழைய முட்புதர்க் காடும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. புள்ளிமான்கள் மாணவர்களைக் கண்டு ஓடுவதில்லை.

பாதையோரம் மஞ்சளாகப் பூத்த ஆவாரஞ்செடி ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்த மாணவரிடம், எந்த வகுப்பு என்று பேச்சுக் கொடுத்தேன். வேதியியல் இரண்டாமாண்டு. இதன் பட்டையில் டானின் இருப்பது தெரியுமா என்றேன். "ஓ, பிராக்டிகல்ல பண்ணோமே சார். பட்டையைக் கொதிக்கவெச்சு வடிகட்டி, ஜெலட்டின் கரைசலை ஊத்தினா வெள்ளையா திரியும்" என்றார். 1803இல் டேவி செய்த அதே சோதனை என்று சொன்னேன். ஜெலட்டின் கொஞ்சம் சூடாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவே கட்டியாகி ஏமாற்றிவிடும் என்று அவர் எனக்குச் சொல்லித்தந்தார். பிறகு கைப்பேசியில் மணி பார்த்துவிட்டு, அடுத்த மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினார்.